விடைபெறாதவர்கள்

தோபியாஸ் தன் வாழ்நாளில் யாருக்கும் தீங்கு செய்ததில்லை. மனதறிந்து ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை. ஆனால் சாவு எப்படி நடக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்தவர் அவர்தான்.

இருபது வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அவர் எழுதிய கணினி விளையாட்டுக்குப் பெயர் சிலாபம்; முத்துக்குளிப்புக்கு அந்தக் கரையில் வழங்கிய பழைய பெயர். அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது. எல்லாம் எழுத்துத்தான். ‘நீ கடற்கரையில் நிற்கிறாய். வடக்கே மாதா கோயில். கிழக்கே கடல்’ என்று திரையில் வரும். ‘கிழக்கே போ’ என்று அடித்தால் கடலுக்குள் போகலாம். ‘மூழ்கு’ என்று அடித்தால் முத்துக் குளிக்கலாம். உடன் விளையாடுகிறவர்கள் அடிப்பதும் அதே திரையில் வந்து விழும். ஊரிலிருந்து கப்பல் வேலைக்குப் போன ஆண்களுக்காகவே அதை அவர் எழுதினார். நடுக்கடலில் கிடைக்கிற நூல் போன்ற இணைப்பில் எழுத்து மட்டும்தான் கரைக்கு வந்து சேரும். கப்பலில் இருக்கிறவனும் வீட்டில் இருக்கிறவளும் அங்கே போய்ச் சந்தித்துக்கொள்வார்கள். முத்தை மறந்துவிட்டு, கரையில் கிடக்கும் நங்கூரக்கல்லில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

முத்துக் குளிப்பதென்றால் சாவும் உண்டு. மூச்சு தீர்ந்தால் ஆள் செத்துப்போவான். அலை உடலைக் கரையில் ஒதுக்கும்; கையில் வைத்திருந்த பொருளெல்லாம் மணலில் சிதறும்; கோயில் மணி அடிக்கும். செத்தவன் கோயில் முற்றத்தில் காத்திருப்பான். மற்ற விளையாட்டுகளில் செத்தவன் ஒரு நிமிடத்தில் தானாக எழுந்துவிடுவான். தோபியாசுக்கு அது பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் முற்றத்துக்கு வந்து மெழுகுதிரி ஏற்றினால்தான் செத்தவன் எழ முடியும் என்று எழுதினார். ஒருவன் எழுவதற்கு இன்னொருவரின் இரக்கம் வேண்டும் என்பது அவருடைய விசுவாசம். சிலாபத்தில் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் செத்துக் கிடந்ததில்லை என்பது அவருடைய பெருமை.

அப்படிப்பட்டவரிடம், நவம்பர் மாதத்து மழை நாள் ஒன்றில், பெர்க்மான்ஸ் குடையை மடக்கிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய தம்பி கஸ்பார் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஜூன் மாதம் பதின்மூன்றாம் தேதி தெற்குக் கடலில் காணாமல் போயிருந்தது. ஒருவரும் தப்பவில்லை.

“ஏல தோபி, செத்தவன் பேசுவானால?” என்று கேட்டார் பெர்க்மான்ஸ்.

“உக்காருல முதல்ல. தலையத் துவட்டு.”

“உக்கார வரல. கம்பெனிக்காரன் கடுதாசி குடுத்து நாலு மாசம் ஆச்சு. சாமியார் ரெண்டு தடவ கேட்டுட்டாரு, இறந்தோர் பூசைக்கு எப்பம் தேதி வைக்கன்னு. தம்பி பொண்டாட்டி வேண்டாம்னுட்டா. ஏன்னு கேட்டா கதவச் சாத்துதா. நேத்து எம்மவ சொல்லித்தான் உன் சிலாபத்துக்குள்ள போயிப் பாத்தேன். நங்கூரக்கல்லுல ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்காவ.”

“என்ன பேசுனாங்க?”

“மாவு புளிச்சுப் போச்சாம் இவளுக்கு. அதுக்கு அவன் சிரிக்கான். தண்ணிக்குள்ள போயி அஞ்சு மாசமான பய சிரிக்காம்ல.”

தோபியாஸ் கணினிப் பக்கம் திரும்பவில்லை. அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

“அது கஸ்பார் இல்ல. பதிலாள்.”

“அப்படின்னா?”

“கப்பல்ல லைன் அடிக்கடி கட்டாவும். தண்ணிக்குள்ள இருக்கும்போது கட்டானா ஆளு மூச்சுமுட்டிச் செத்துருவான். பாவம், அவன் மேல என்ன தப்பு? அதனால லைன் கட்டானவன் சாகக் கூடாதுன்னு ஒரு வரி எழுதுனேன். அப்புறம், பேச்சு பாதியில நின்னா வீட்டுல உள்ளவங்க பதறுதாங்கன்னு பதிலாள் வச்சேன். அவன் அத்தன வருசமா அடிச்சத எல்லாம் படிச்சு வச்சுக்கிட்டு, அவன மாதிரியே பேசும். லைன் திரும்ப வந்ததும் ஒதுங்கிக்கிடும்.”

“வரலேன்னா?”

மழை ஜன்னல் கம்பியில் அடித்துத் தெறித்தது.

“அத நான் யோசிக்கல.”

“பேசுறது அவன் இல்லன்னு பாக்குறவளுக்குத் தெரியுமா?”

“முதல்ல பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருந்தேன். அந்தப் புள்ளியப் பாத்தாலே அழுக வருதுன்னு பொம்பளைங்க சொன்னாங்க. எடுத்துட்டேன்.”

“உன் நல்ல மனசுக்கு ஒரு ரோசாப்பூ மாலை போடணும்ல” என்றார் பெர்க்மான்ஸ். பிறகு படியில் இறங்கப் போனவர் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எந்தம்பிக்குக் குழி இல்ல தோபி. உன் பெட்டிக்குள்ளயாவது அவன் சாவட்டும். அந்தப் பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயசுதான் ஆவுது. காலம் பூரா ஒரு பொம்மகிட்ட மாவுக்கத பேசிக்கிட்டா இருப்பா?”

அவர் போன பிறகு தோபியாஸ் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு கணினியின் முன் உட்கார்ந்தார். லைன் போனவன் சாகக் கூடாது என்று தான் எழுதிய வரியை ஒரே ஓர் ஆளுக்காக விலக்க வேண்டும். சின்ன வேலை. ஆனால் மூன்று நாள் ஆயிற்று. ‘கஸ்பார் நீங்கலாக’ என்று அடிப்பார், அழிப்பார். கடைசியில் எழுதி முடித்தபோது, பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தது. அழுத்தவில்லை. அவள் கண் முன்னால் புருசன் திடீரென்று செத்து விழுந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை. முதலில் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு, நான்காம் நாள் மதியம் புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினார்.

கஸ்பாரின் மனைவி ஜெசிந்தா தாய்வீட்டு முன்னறையில் இட்லிமாவுக் கடை வைத்திருந்தாள். இவர் போகும்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உளுந்தைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவள், “வாங்கண்ணே, தூத்துக்குடியில மாவு கெடைக்கலியா?” என்று கேட்டாள். சிரிப்பு வாயோடு நின்றது, கண்ணுக்கு ஏறவில்லை.

தோபியாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கஸ்பார்கிட்ட நீங்க பேசுறதப் பத்தி…”

“எங்கண்ணே பேசுதேன்?”

“சிலாபத்துல. நங்கூரக்கல்லுல. தினமும் ரெண்டரைக்கு.”

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். அது சுற்றி ஓய்ந்தது.

“அண்ணே, நான் சிலாபத்துக்குள்ள காலு வச்சே அஞ்சு மாசம் ஆவுது. ஜூன் பன்னெண்டாந்தேதிதான் கடைசி. யாரு சொன்னா உங்ககிட்ட?”

தோபியாஸ் மடிக்கணினியைத் திறந்தார். கஸ்பாரின் இணைப்பைத்தான் அவர் பார்த்திருந்தார்; இவளுடையதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பார்த்தார். ஜெசிந்தா: இணைப்பு அறுந்தது, ஜூன் பன்னிரண்டு. பதிலாள் பேசுகிறது.

“அன்னைக்கு வெளிய வரும்போது ‘விடைபெறு’ன்னு அடிச்சீங்களா?”

“அந்த வார்த்தைய எவண்ணே அடிப்பா?” ஜெசிந்தா நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “கடல்ல இருக்கிற மனுசன்கிட்ட விடைபெறுன்னு சொன்னா வெளங்குமா? நானு, பிரகாசியக்கா, தெக்குத்தெரு ரூபிணா, யாருமே அடிச்சதில்ல. அவுகளும் கப்பல்ல இருந்து அடிக்க மாட்டாக. அப்படியே மூடிருவோம்.”

தோபியாசும் அதே கரையில் பிறந்தவர்தான். அவர் வீட்டிலும் கடலுக்குக் கிளம்புகிறவர் ‘வாறேன்’ என்றுதான் சொல்வார். ‘போறேன்’ என்ற சொல்லை வாசலில் யாரும் உச்சரித்ததில்லை. அதை மறந்து, அலுவலகத் தமிழில் ஒரு வார்த்தையை எடுத்து வாசற்கதவில் மாட்டிவிட்டார். அந்த வார்த்தையை அடித்து வெளியேறினால்தான் ஆள் போய்விட்டதாக, மாடியறையில் விளையாட்டை ஓட்டும் கணினிப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அடிக்காமல் மூடினால், பாவம் லைன் கட்டாகிவிட்டது என்று பதிலாளை உட்கார வைக்கும்.

இதை அவர் சொல்லச் சொல்ல ஜெசிந்தா மாவுக் கையைத் துடைக்காமல் நின்றாள்.

“அப்பம் நான் மூடினப்புறம் என்ன மாதிரி ஒண்ணு அங்க உக்காந்திருக்கும்?”

“ஆமாம்மா.”

“இப்பமும் இருக்கு?”

“இருக்கு.”

“அவரும்?”

“அவன் பதிலாளும் இருக்கு. ரெண்டும்தான் பேசிக்கிட்டு இருக்கு.”

தெருவில் ஒரு பெண் தூக்குவாளியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “பொறவு வாக்கா” என்று அனுப்பிவிட்டு ஜெசிந்தா கதவை ஒருக்களித்தாள்.

“அப்படின்னா பூசை ஏன் வேண்டாம்னீங்க?” என்று தோபியாஸ் மெதுவாகக் கேட்டார். “அவன் உயிரோட இருக்கான்னு நீங்க நம்புறதா உங்க வீட்டுக்காரரோட அண்ணன் நெனச்சிக்கிட்டு இருக்காரு.”

“செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதா?” அவள் தரையில் உட்கார்ந்தாள். “ரெண்டரைக்கு வருவேன்னு அவருகிட்ட சொல்லியிருந்தேன். பதிமூணாந்தேதி அந்தோனியார் திருநாளு. எல்லா வீட்டுலயும் விருந்தாளு. மாவுக்கு வரிச நிக்குது. நாளைக்குப் பேசிக்கிடலாம்னு இருந்துட்டேன். கப்பலு மூணு மணி வாக்குல முங்கியிருக்குன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். என்னத் தேடித்தான வந்திருப்பாரு? ஏ பிள்ள, இருக்கியான்னு கேட்டிருப்பாரு. வெறுங்கல்லப் பாத்துக்கிட்டே போயிருப்பாரு. நான் எந்த முகத்த வச்சிக்கிட்டு பூசையில நிக்க?”

ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லாதது. தோபியாஸ் கண்ணை மூடினார். அவருடைய பெட்டியில் எல்லாப் பேச்சும் எழுதப்பட்டிருந்தது. பதின்மூன்றாம் தேதிப் பக்கமும் இருக்கும். அன்று கஸ்பார் வரவில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் இந்தப் பெண் இன்று இரவு தூங்குவாள். ஆனால் பொய்யின் மேல் கட்டிய ஆறுதல் என்னாகும் என்பதைத்தான் அவர் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெறுங்கல்லு இல்லம்மா. அங்க ஆளு இருந்துச்சு” என்று சொல்லி, அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாசித்தாள்.

கஸ்பார்: ஏ பிள்ள, இருக்கியா?

ஜெசிந்தா: இருக்கேன் மச்சான். சொல்லுங்க.

கஸ்பார்: காத்து மோசமா இருக்கு. சரக்கு ஒரு பக்கமா சரிஞ்சிட்டு. கப்பலு சாஞ்சே நிக்குது.

ஜெசிந்தா: சாப்டீங்களா?

கஸ்பார்: அதெல்லாம் இல்ல. பயமா இருக்கு பிள்ள.

ஜெசிந்தா: பயப்படாதீங்க. மாதா இருக்கா. செபமாலை சொல்லுவமா?

கஸ்பார்: நீ சொல்லு. எனக்கு வெரலு நடுங்குது.

அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக செபம்தான். பத்துப் பத்தாகக் கோத்த மாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவள் பெயரில் செபத்தின் முற்பாதி. அவன் பெயரில் பிற்பாதி. போகப் போக அவன் பாதியில் எழுத்துகள் தவறின. அப்புறம் ‘ஆமென்’ மட்டும். நான்காம் பத்தின் ஏழாவது மணியில் இணைப்பு அறுந்திருந்தது. எட்டாவது மணியிலிருந்து அவனுடைய எழுத்துகள் மறுபடியும் பிழையில்லாமல் இருந்தன.

ஜெசிந்தா இரண்டு தடவை வாசித்தாள்.

“கப்பலு சாயுதுன்னு ஒரு மனுசன் சொல்லுதாரு. சாப்டீங்களான்னா கேக்கும் இது?”

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது.

“நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்” என்றாள் அவள். பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண் வறண்டிருந்தது. “என் வார்த்ததான். ஒண்ணுகூட மாறல. ஆனா நான் இல்லியே அண்ணே. கடைசி நேரத்துல அவரு என்னயத் தொடுதோம்னு நெனச்சி எதையோ தொட்டுட்டுப் போயிட்டாரு. இதுக்குச் சந்தோசப்படவா, அழவா?”

“எனக்குத் தெரியலம்மா.”

“நீங்கதான எழுதினீங்க.”

“நான்தான்.”

சுவரில் மணி இரண்டு நாற்பது. அவள் கேட்டாள், இவர் காட்டினார். நங்கூரக்கல்லில் இரண்டு பெயரும் உட்கார்ந்திருந்தன.

ஜெசிந்தா: மழ விடவே இல்ல மச்சான். மாவு பொங்க மாட்டேங்கு.

கஸ்பார்: ஒரு வெங்காயத்தப் போடு பிள்ள, பொங்கும்.

ஜெசிந்தா: ஆமா, சமையக்காரரு சொல்லிட்டாரு.

புருசனிடம் அவள் வம்பிழுக்கிற அதே தொனி. தன்னை வெளியே நின்று பார்க்கிறவளைப் போல ஜெசிந்தா திரையையே பார்த்தாள். அவளும் செத்த பிறகும், இந்த வீடு இடிந்த பிறகும், அந்தக் கல்லில் மழை விடாது, மாவு பொங்காது, அவன் வெங்காயம் போடச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

“நிறுத்துங்க. ரெண்டு பேரையும் நிறுத்துங்க.”

“உங்க பதிலாள நீங்கதான் நிறுத்த முடியும். உள்ள போயி அந்த வார்த்தைய அடிக்கணும்.”

அவள் தன் பெயரில் உள்ளே போனாள். பதிலாள் ஒதுங்கியது. கையில் ஒட்டாத மாவை உதறுகிறவளைப் போல விரல்களை உதறிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள். விடைபெறு. அடித்ததும் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். ‘ஜெசிந்தா சென்றுவிட்டாள்’ என்று திரை சொன்னது. சிலாபத்தின் இருபது வருடத்தில் அந்த வரியைத் தோபியாஸ் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு அவர் தன் பொத்தானை அழுத்தினார்.

‘கஸ்பாருக்கு மூச்சு முடிந்தது. அலை அவன் உடலைக் கரையில் ஒதுக்குகிறது.’ மணலில் பொருள்கள் சிதறின: ஒரு கத்தி, ஒரு சிப்பிக்கூடை, ‘ஜெசிக்கு’ என்று பெயரிட்டு வைத்திருந்த ஒரு முத்து. கோயில் மணி அடித்தது. இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோபியாஸ் மனதுக்குள் நித்திய இளைப்பாற்றிக்கான செபத்தைத் தொடங்கினார்.

முடிப்பதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது.

‘பிரகாசி கோயில் முற்றத்துக்கு வருகிறாள். கஸ்பாருக்காக மெழுகுதிரி ஏற்றுகிறாள். கஸ்பார் எழுகிறான்.’

மெழுகுதிரியைச் சாவின் ஒரு பகுதியாக அவர் நினைத்ததே இல்லை. அதை மாற்ற வேண்டும் என்று அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“பிரகாசியக்காவா?” என்றாள் ஜெசிந்தா. “அவ போன தவக்காலத்துலயே செத்துட்டாளே. நான் மண்ணு போட்டேனே.”

தோபியாசின் கை தானாகவே அந்தக் கணக்கைத் திறந்தது. சிலாபத்தில் இப்போது இருப்பவர்கள்: இருநூற்றுப் பதின்மூன்று பேர். தினமும் காலையில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் காபி குடிப்பார். அதன் கீழே, இருபது வருடமாகத் தேவைப்படாத ஒரு கேள்வியை அடித்தார். இப்போது திறந்திருக்கும் இணைப்புகள் எத்தனை?

ஒன்று. அது அவருடைய மடிக்கணினி.

புதுக் கப்பல்களில் முகம் பார்த்துப் பேசும் வசதி எப்போதோ வந்துவிட்டது. பழைய கப்பலில் இருந்த கஸ்பார்தான் பாக்கி. மற்றவர்கள் ஒவ்வொருவராக, ஒரு நாள் மூடியதைப் பிறகு திறக்காமலே போயிருந்தார்கள். பெட்டிக்கு அது தெரியாது. அவருக்கும் தெரியாது. அவர்கள் முத்துக் குளித்தார்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மீன் கொண்டுபோனார்கள், செத்தவனுக்கு ஓடி வந்து திரி ஏற்றினார்கள். அத்தனை நல்லவர்கள். ஒருவரும் இல்லை.

அவர் அப்படியே உட்கார்ந்திருக்கும்போது, எழுந்த கஸ்பார் நடந்து நங்கூரக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தான்.

கஸ்பார்: ஏ பிள்ள, இருக்கியா?

கல்லில் யாரும் இல்லை. விடைபெற்றுப் போனவளுக்குப் பதிலாள் கிடையாது.

கஸ்பார்: பிள்ள, இருக்கியா?

ஜெசிந்தா எழுந்து கிரைண்டர் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். ஐந்து மாதமாக அவள் கனவில் கேட்ட கேள்வி இப்போது எழுத்தாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

“அது அவன் இல்லம்மா” என்றார் தோபியாஸ். “நீங்க பாக்க வேண்டாம். நான் மூடிருதேன்.”

“தெரியும்ணே. அவரு இல்ல. ஆனா கூப்பிடுதே.”

கஸ்பார்: இருக்கியா?

அவள் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு, மறுபடி தன் பெயரில் உள்ளே போனாள்.

ஜெசிந்தா: இருக்கேன் மச்சான். சொல்லுங்க.

கஸ்பார்: எங்க போன?

ஜெசிந்தா: மாவு விக்கப் போனேன். திருநாளு கூட்டம். வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டேன். மன்னிச்சிருங்க.

கஸ்பார்: அதுக்கென்ன பிள்ள. வந்துட்டல்ல.

அவள் உதட்டைக் கடித்தாள். “அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு” என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “இப்பம் முடிங்கண்ணே. நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே முடிங்க. இந்தத் தடவ எந்திரிக்கக் கூடாது.”

அதற்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது: கஸ்பாருக்கு ஏற்றும் திரி அவனை எழுப்பாது. அதை அவள் கைபேசியிலிருந்தே தன் பெட்டிக்குள் போய் எழுதினார். இரக்கம் இருந்தால் ஆள் எழுவான் என்று சின்ன வயதிலிருந்து நம்பியவர் அவர். அந்த வரியை அடித்தபோது, தன் கையால் கோயில் கதவை இழுத்துச் சாத்துவது போல் இருந்தது.

மடிக்கணினியில் அவள் செபமாலை சொல்லத் தொடங்கியிருந்தாள். நான்காம் பத்தின் ஏழாவது மணி, அன்று அறுந்த இடம். ஒவ்வொரு சொல்லாக அடித்தாள். அவன் மறுபாதியைச் சொன்னான். எட்டாவது. ஒன்பதாவது. தோபியாஸ் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

பத்தாவது மணியின் முற்பாதி திரையில் நின்றது. பிற்பாதி வரவில்லை. கோயில் மணி அடித்தது. அவளே பிற்பாதியையும் அடித்து முடித்தாள். பிறகு, இந்தத் தடவை எழுத்தைத் தேடாமல், விடைபெறு என்று அடித்தாள்.

கோயில் முற்றத்தில் பிரகாசி வந்து திரி ஏற்றினாள். அவன் எழவில்லை. ரூபிணா வந்து ஏற்றினாள். அப்புறம் இன்னொருவர். தோபியாஸ் மடிக்கணினியை மூடும்போது முற்றத்தில் முப்பத்தொரு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன, இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

மறு சனிக்கிழமை காலையில் கஸ்பாருக்கு இறந்தோர் பூசை நடந்தது. மழைக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். ஜெசிந்தா முதல் பெஞ்சில் நின்றாள். பெர்க்மான்ஸ் பூசை முடிந்து தோபியாசின் தோளைத் தொட்டு, “அடக்கம் பண்ணிட்டல. நல்லது” என்றார். எத்தனை பேரை இன்னும் அடக்கம் பண்ண வேண்டியிருக்கிறது என்று தோபியாஸ் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, ஈரச் சட்டையோடு மாடியறையில் உட்கார்ந்தார். மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பெட்டியை அணைத்துவிட்டால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இவர்களில் யார் செத்தவர், யார் இருக்கிறவர் என்பதுகூட அவருக்குத் தெரியாது. இருபது வருடம் ஒருவரைக்கூட அவர் போய்ப் பார்த்ததில்லை, கேட்டதில்லை. எல்லோரும்தான் இருக்கிறார்களே என்று இருந்துவிட்டார். சேரும்போது கொடுத்திருந்த தொலைபேசி எண்கள் ஒரு பழைய கோப்பில் இருந்தன. அதைத் திறந்து, மேலிருந்து ஒன்றை எடுத்துக் கூப்பிட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது எண்ணை யாரோ ஓர் இளைஞன் எடுத்தான். அந்தப் பெயரில் யாரையும் தனக்குத் தெரியாது என்றான். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது.

ஏழாவது எண் இமானுவேல் என்பவருடையது. சிலாபத்தில் கஸ்பாருக்குப் பத்தொன்பதாவது திரி ஏற்றியவர். மணி அடித்தது. பத்து தடவை, இருபது தடவை. தானாக நின்றது. தோபியாஸ் மறுபடி கூப்பிட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இருக்கீங்களா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கைபேசியைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார்.